ஞானசௌந்தரி டீச்சரின் தொண்டை

ஞானசௌந்தரி டீச்சர் ஜெபம் பண்ணினால் அது பரலோகத்துக்குப் போய்ச் சேருவதில் விலாசக் குழப்பமே இருக்காது என்று தாம்பரத்துச் சபையில் பேசிக்கொள்வார்கள். மற்றவர்கள் எல்லோரையும் காத்தருளும் என்று மொத்தமாகக் கேட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். டீச்சர் அப்படி இல்லை. யாரை, எந்த இடத்தில், எதிலிருந்து காக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லுவாள். கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்பதை அவள் மறுக்கவில்லை. ஆனாலும் சொல்லி வைப்பது நல்லது என்பது அவள் கட்சி.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவர்கள் வீடு. சாயங்காலம் ஆனதும் கூடத்தில் பாய் விரிக்கப்படும். ஒரு பாட்டு. புருஷன் தேவானந்தம் வேதத்திலிருந்து ஒரு அதிகாரம் வாசிப்பார். அவர் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். சத்தமே வராத மனிதர். பிறகு எல்லோரும் முழங்கால் போடுவார்கள், டீச்சர் தொடங்குவாள். தேவானந்தம் மின்சார ரயிலில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்காதபடிக்கும், வண்டி நகர்ந்த பிறகு ஓடி ஏறாதபடிக்கும். மூத்தவன் எட்மண்ட் சுவர் கட்டாத கிணற்றில் எட்டிப் பாராதபடிக்கும், ஏரியில் இறங்காதபடிக்கும். சின்னவள் பியூலாவை வெறிநாய் துரத்தாதபடிக்கும், பிள்ளை பிடிக்கிறவன் கையில் அகப்படாதபடிக்கும். பத்து வயது எட்மண்ட், ஜெபம் ஏரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே நெற்றியைப் பாயில் வைத்துத் தூங்கிவிடுவான். ஆமென் சொன்னதும் அவனைத் தட்டி எழுப்பிச் சோறு போட வேண்டும்.

பியூலா தூங்க மாட்டாள். கண்ணை மூடவும் மாட்டாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்பாள். ஒரே கஞ்சியைத்தான் இரண்டு பிள்ளைகளும் குடித்தன. ஒன்றுக்குச் செரித்தது, மற்றதற்குச் செரிக்கவில்லை. அவள் பிறவியே அப்படி. தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, விமானப்படைத் தளத்துக்கு விமானம் தாழ்வாக வந்தால் எட்மண்ட் கையைத் தட்டிச் சிரிப்பான், இவள் உடம்பு முழுக்க நடுங்குவாள்.

ஞானசௌந்தரிக்கு இதில் கவலை இருந்ததோ இல்லையோ, பெருமை நிறைய இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்துச் சுவர்ப்படம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளிடம் விரித்துக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டாள். ஒரு கிராமத்துக் காட்சி. எட்மண்ட் மாடு, வண்டி, சேவல் என்று அடுக்கினான். பியூலா மூலையில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கிறது, அதன் கையை யாரும் பிடித்திருக்கவில்லை என்றாள். அந்தப் படத்தை வைத்து எத்தனையோ வகுப்புக்குப் பாடம் நடத்தியவள் டீச்சர். அந்தக் குழந்தையை அன்றைக்குத்தான் அவளே பார்த்தாள். மகளுக்குக் கழுகுக் கண் என்று சபையில் எல்லோரிடமும் சொல்லி முடித்தாள்.

அதைவிடப் பெரிய பெருமை, பியூலா அம்மா கையை விடாத பிள்ளை. தெருமுனையில் கிடக்கும் செவலை நாயைப் பார்த்துவிட்டால் அம்மாவின் விரல் நோகும்படி பிடித்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மற்றப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விரட்டிப் பிடித்து மூச்சு வாங்கும்போது, ஞானசௌந்தரி தன் பிள்ளையைச் சேலையோடு சேர்த்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று அவள் முகத்திலேயே எழுதியிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் சாராள் வந்தாள். தேவானந்தத்தின் கடைசித் தங்கை. பாளையங்கோட்டையில் டைப்பிங் பாஸ் பண்ணிவிட்டு, பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் வேலை கிடைத்து, அறுபத்தெட்டாம் வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். குடையை ரயிலில் விட்டுவிட்டு வருவாள். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாரப் பத்திரிகை படிப்பாள். எதை எங்கே வைத்தோம் என்று அவளுக்குத் தெரியாது, தெரியாததைப் பற்றி வருத்தமும் கிடையாது. கிட்டப்பார்வை வேறு. கண்ணாடி இருந்தது, போட மாட்டாள். கண்ணாடி போட்டால் தலைமை ஆசிரியை மாதிரி இருக்கிறதாம். அண்ணி ஒரு டீச்சர் என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பியூலாவின் பள்ளிக்கூடம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், கிழக்குத் தாம்பரத்தில். ஞானசௌந்தரி வேலை பார்த்ததோ முடிச்சூர்ப் பக்கத்துப் பள்ளியில். காலையில் மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி பாலம் ஏறி இறங்கி, முதல் மணி அடிக்குமுன் ஓட வேண்டும். சாராள், ஸ்டேஷன் வழியாகத்தானே போகிறேன், நான் விட்டுவிடுகிறேன் என்றாள். ஞானசௌந்தரி அப்பாடா என்று சரி சொன்னாள். பிள்ளை போக மாட்டேன் என்று அழும் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தாள். அழுதது, முதல் வாரம். அப்புறம் அழவில்லை.

அழுகை நின்றதை அவள் நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். பிறகு பியூலா சாப்பாட்டு நேரத்தில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அத்தையின் பாயில் படுத்தாள். ஒருநாள் தலை பின்னிவிடக் கூப்பிட்டபோது, அத்தை பின்னிவிட்டாச்சு என்று சடையைத் தூக்கிக் காட்டினாள். வகிடு கோணலாக இருந்தது. ஞானசௌந்தரிக்கு அந்தக் கோணல் வகிட்டைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றது யார், பேதியானால் விழித்திருந்து பார்த்தது யார், இப்போது வந்தவள் ரிப்பன் கட்டுகிறாள்.

ஒரு திங்கட்கிழமை டீச்சரின் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. தையல்காரரிடம் போகிற சாக்கில் அவர்களுக்குப் பின்னாலேயே போனாள். தெருமுனையில் செவலை நாய் கிடந்தது. பியூலா அதைத் தாண்டிப் போய்விட்டாள், அது அங்கே கிடந்ததே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. ஸ்டேஷன் பாலத்தின் மேலே, ஜனம் இடித்துக்கொண்டு போகும் இடத்தில், பியூலா கம்பியைப் பிடித்துக் குனிந்து பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையை யாரும் பிடித்திருக்கவில்லை. கீழே வண்டி ஊதிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கே படியில் உறைந்து நின்றுவிடுகிற பிள்ளை. இப்போது கீழே எதையோ சுட்டிக்காட்டிக் குதித்தாள், சிரித்தாள். சாராளும் சிரித்தாள்.

அவர்கள் கண்ணில் படாமல் ஞானசௌந்தரி திரும்பி வந்தாள். தையல்காரரிடம் போகவில்லை. பிள்ளை பயம் தெளிந்து சிரிக்கிறாள், தாய்க்குச் சந்தோஷம்தானே வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. தன் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனது மாதிரி இருந்தது. வெறும் கையைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

சாயங்காலம் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, நயமாகக் கேட்டாள். பியூலா சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள். அத்தைக்குத்தான் தூரத்தில் கண் தெரியாதே. அதனால் பியூலாதான் பாலத்தின் மேல் நின்று கூட்டத்தில் வில்பிரட் மாமாவைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவர் வந்திருக்கிறாரா, அதைவிட முக்கியம், சிரித்த முகமாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சிரித்திருந்தால் அத்தை அவசரமாகத் தலையைச் சரிசெய்வாள். அவர் வராத நாளில் வேறு யாராவது சிரிக்கிற முகத்தைக் கண்டுபிடித்தால்கூடப் போதும், அதற்கும் ஒரு ஆரஞ்சு மிட்டாய் உண்டு. அத்தனை பேரில் சிரிக்கிற முகத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாம். முதலில் கோபமாக இருக்கிறவர்கள்தான் கண்ணில் பட்டார்களாம். இப்போது போனவுடனே தெரிந்துவிடுகிறதாம்.

வில்பிரட் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. நல்ல குடும்பம், பெருங்களத்தூர்க்காரர்கள், ஞானசௌந்தரிக்கும் தெரிந்தவர்கள்தான். அவரைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் அந்த மிட்டாயின் மேல்தான். சாராள் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை, தன் மயக்கத்துக்குப் பிள்ளையின் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அப்படி விளையாட்டாகச் செய்தது பலித்துவிட்டது. தான் உருகி உருகிச் செய்ததில் பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. இதைத்தான் ஞானசௌந்தரியால் தாங்க முடியவில்லை.

அன்று ஜெபத்தில் எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகு, அவள் ஆமென் சொல்லவில்லை.

"எங்கள் வீட்டில் தங்கியிருக்கிற சாராளை உம்முடைய கரத்தில் தருகிறேன், ஆண்டவரே. தூரத்தில் கண் தெரியாத பிள்ளை. பாலத்துப் படியில் தவறி விழாதபடிக்கும், ஓடுகிற வண்டியில் சேலை மாட்டிக்கொள்ளாதபடிக்கும், தண்டவாளத்தில் அகப்படாதபடிக்கும் காத்தருளும். சிரித்த முகத்தோடு வந்து மோசம் பண்ணுகிறவர்களுக்கு அவளை விலக்கிக் காத்தருளும்."

ஜெபத்தில் யார் குற்றம் கண்டுபிடிக்க முடியும்? திட்டினால் திருப்பித் திட்டலாம். ஜெபம் பண்ணினால் ஆமென் என்றுதான் சொல்ல வேண்டும். சாராளும் சொன்னாள். பிறகு, "அண்ணி, நீங்க சொன்னதைக் கேட்டு எனக்கே பயமா இருக்கு" என்று சிரித்தாள். பியூலா சிரிக்கவில்லை. முழங்காலில் இருந்தபடியே முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு அத்தையின் சேலைத் தலைப்பைப் பார்த்தாள்.

மறுநாள் பாலத்தின் மேல் நின்றபோது பியூலாவுக்கு வில்பிரட்டைக் கண்டுபிடிக்க நேரமே ஆகவில்லை. அவர் சிரித்துக்கொண்டு நின்றார். பிள்ளை வெளிறிப்போய் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கீழே இறங்க வேண்டாம் என்று அலறினாள். ஜனம் கூடிவிட்டது. சாராள் எவ்வளவோ சமாதானம் சொல்லி, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு ஓடியபோது வண்டி போய்விட்டது. ஆபீசில் மானேஜர் கத்தியதாகச் சாயங்காலம் வந்து சொன்னாள். அதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பயந்த பிள்ளை பழையபடி தன் கையைத் தேடி வரும் என்று ஞானசௌந்தரி காத்திருந்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பியூலா அத்தையை ஒட்டிக்கொண்டாள். முன்பு அத்தை பக்கத்தில் இருந்தால் போதும் என்று இருந்தவள், இப்போது அத்தை குளிக்கப் போனால் குளியலறை வாசலில் நின்றாள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரயிலிலிருந்து வருகிறவர்கள் தெருவில் நுழையும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். அம்மா காபி கொண்டுவந்து நீட்டினால் திரும்பாமலே வேண்டாம் என்பாள். சாராள் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஞானசௌந்தரி ஆறிப்போன காபியைத் தானே குடிப்பாள். அதில் சர்க்கரை இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

ஆத்திரம் ஏற ஏற ஜெபமும் நீண்டது. சாராளுக்கு மழைக்காலத்து மின்கம்பி வந்தது, ரயிலில் மயக்க மருந்து கொடுக்கிறவன் வந்தான், கம்பெனியில் தீ வந்தது. பியூலா தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. டாக்டர் பூச்சிமருந்து கொடுத்தார்.

ஒருநாள் தேவானந்தம் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார்.

"ஞானம், ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கலாமே. பாப்பா எல்லாத்தையும் மனசுல போட்டுக்கறா."

"உங்க தங்கச்சிக்காகத்தான் ஜெபம் பண்றேன். அது உங்களுக்குப் பொறுக்கலையா?"

இந்த மனிதர் அன்றைக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குச் செய்தித்தாள் இருந்தது.

டிசம்பர் வந்தது. பனியும் வந்தது. பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஞானசௌந்தரிதான் பொறுப்பு. மைதானத்தில் நின்று, மேய்ப்பர்களாக வேஷம் போட்ட பையன்களைப் பார்த்துக் கத்திக் கத்தி, ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது குரல் சுத்தமாகப் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மிளகுக் கஷாயம் குடித்தாள், உப்புத்தண்ணீர் கொப்பளித்தாள். ஜெப நேரத்தில் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

தேவானந்தத்துக்கு வாசிக்க வரும், ஜெபிக்கக் கூச்சம். சுற்றிலும் பார்த்தார். "இன்னைக்குப் பாப்பா ஜெபம் பண்ணட்டும்" என்றார்.

ஞானசௌந்தரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இத்தனை நாளாக ஒரு சொல் விடாமல் கேட்ட பிள்ளை, தன்னைப் போலவே பண்ணுவாள். என்ன ஆனாலும் அது தன் வாரிசு. கோணல் வகிடு எடுக்கத் தெரிந்தவளுக்கு இது வருமா? கண்ணை மூடிக்கொண்டாள்.

பியூலா அம்மாவின் ராகத்திலேயே தொடங்கினாள். அப்பா ரயிலில் தொங்காதபடிக்கு. எட்மண்ட் அண்ணா கிணற்றில் எட்டிப் பாராதபடிக்கு. சாராள் அத்தைக்குப் படி, சேலை, தண்டவாளம், மின்கம்பி, மயக்க மருந்து, தீ, ஒன்றும் விட்டுப்போகவில்லை. சாராளுக்கே சிரிப்பு வரவில்லை. அத்தையோடு பிள்ளை ஜெபத்தை நிறுத்திவிட்டாள்.

"அம்மாவுக்கு?" என்று தேவானந்தம் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

ஞானசௌந்தரி கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். தனக்கு எதைச் சொல்லப்போகிறாள், எதிலிருந்து தன்னைக் காப்பாற்றச் சொல்லுவாள் என்று கேட்க அவளுக்கு அத்தனை ஆசையாக இருந்தது.

"அம்மா தொண்டை சரியாகவே கூடாது, ஆண்டவரே. அம்மா சொன்னாத்தான் அதெல்லாம் வரும். பேசாம இருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆமென்."

எட்மண்ட் ஹோவென்று சிரித்தான். தேவானந்தம் அவன் முதுகில் ஒன்று வைத்தார். சாராள் தலையைக் குனிந்துகொண்டாள். ஞானசௌந்தரி கண்ணைத் திறந்தபோது மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனைச் செவலை நாயை எப்படிப் பார்ப்பாளோ அப்படி. எழுந்திருக்குமா, படுத்தே கிடக்குமா என்று பார்க்கிற பார்வை. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை தன் முகத்தை அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறது. அதைத்தான் அவள் பாசம் என்று சபை முழுவதும் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள்.

சொல்ல வேண்டியது நெஞ்சு வரைக்கும் வந்தது. குரல் இல்லை. மகள் மெதுவாக நகர்ந்துபோய்ச் சாராளின் மடியில் சாய்ந்தாள். சாய்ந்ததும் கவனித்தாள் ஞானசௌந்தரி, பிள்ளை அத்தையின் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை. சாராளின் மேல் இத்தனை மாதம் பட்ட பொறாமை எல்லாம் ஒன்றுமில்லை, அன்றைக்குப் பட்டதுதான் பொறாமை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே தொண்டை சரியாகிவிட்டது. பள்ளியில் அவள் குரல் கடைசிப் பெஞ்சுக்கும் கேட்டது. மேய்ப்பர்கள் நடுங்கினார்கள். வீட்டுக்குள் வந்தால் மட்டும் சைகைதான், பாய் விரித்ததும் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டுவாள். தேவானந்தம் கேள்வி கேட்காமல், எங்கள் எல்லோரையும் காத்தருளும் என்று ஒரே வரியில் முடிப்பார். அந்த வரி அவளுக்குப் போதவே இல்லை. கிணறும் ஏரியும் ரயிலும் அவள் தொண்டையில் வரிசையாக வந்து நிற்கும், விழுங்குவாள்.

"இன்னும் சரியாகலையாம்மா?" என்று பியூலா தினமும் வந்து கேட்பாள். இல்லை என்று தலையசைத்தால் பிள்ளையின் முகம் தெளியும். அந்தத் தெளிவைப் பார்ப்பதற்காகவே, எத்தனை முறை வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லலாம்போல இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவும் இல்லை.

ஜனவரியில் ஒரு சாயங்காலம், தேவானந்தத்தின் அந்த ஒற்றை வரி முடிவதற்குள், அண்ணன் மாதிரியே பியூலாவும் தூங்கிப்போனாள். மடி என்னவோ அத்தையின் மடிதான். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். அன்று ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது ஞானசௌந்தரி மட்டும்தான்.